டேபிள் சாவின் பின்பக்கம்: நிலைமேசையும் மடிப்புப் பலகையும்

வீட்டுப் பட்டறைக்கு டேபிள் சா வாங்குகிறவர்கள் பிளேடு, மோட்டார், ஃபென்ஸ் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். அறுபட்ட பலகை எங்கே போய் நிற்கும் என்ற யோசனை, முதல் முழு ஷீட்டைத் தள்ளும்போதுதான் வருகிறது. 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஷீட் ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். அதில் பாதிக்கு மேல் மேசையைத் தாண்டிவிட்டால் முன்முனை தாழும், நம் பக்கத்து முனை தூக்கும். அதை அழுத்திப் பிடிக்கக் கை தானாகப் போகும். அந்தக் கை போகிற இடம் சுழலும் பிளேடின் அருகில்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, ரம்பத்தின் பின்புறம் ஒட்டித் தரையில் நிற்கும் நிலைமேசை. மற்றது, ரம்பத்தின் பின்விளிம்பில் கீல் வைத்து மாட்டி, வேலை முடிந்ததும் தொங்கவிடும் மடிப்புப் பலகை. இடம் உள்ளவருக்கு முன்னது, இல்லாதவருக்குப் பின்னது என்பது பொதுவான தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டறையை அளப்பதற்கு முன், அறுக்கப்போகும் மரத்தின் எடை எங்கே விழும் என்று அளக்க வேண்டும்.

8 அடி நீளத்துக்கு அறுத்து முடிக்கும் கணத்தில் பலகை முழுவதும் பிளேடுக்கு அப்பால் இருக்கும். அதன் நடுப்புள்ளி பிளேடின் பின்பற்களிலிருந்து 4 அடி, அதாவது 48 அங்குலம் தள்ளி நிற்கும். வழக்கமான 27 அங்குல மேசையில் பிளேடுக்குப் பின்னால் மிஞ்சுவது பெரும்பாலும் முக்கால் அடிக்குள்தான். மீதியை நாம் சேர்க்கும் பலகைதான் தாங்க வேண்டும். இங்கேதான் மடிப்புப் பலகை மாட்டிக்கொள்கிறது. தொங்கும்போது தரையில் இடிக்கக் கூடாது என்பதால், அதன் நீளம் ரம்ப மேசையின் உயரத்தைத் தாண்ட முடியாது. மேசை 34 அங்குல உயரம் என்றால் பலகை 33 அங்குலம். 9-ஐயும் 33-ஐயும் கூட்டினால் 42. நடுப்புள்ளியை எட்டவே இன்னும் அரை அடி வேண்டும். இரண்டு மடிப்பாகச் செய்தால் நீளம் கிடைக்கும். ஆனால் கீல் இரட்டிப்பாகும், நடுவில் தொய்வும் சேரும். நிலைமேசைக்கு இந்த வரம்பு கிடையாது. 4 அடி ஆழத்தில் செய்துவிட்டால் ஷீட் தானே படுத்துக்கொள்ளும், கையை எடுத்துவிடலாம்.

அடுத்தது ரம்பத்தின் எடை. கேபினெட் வகை ரம்பங்கள் 200 கிலோவுக்கு மேல் போகும். அவற்றின் முதுகில் பலகையை மாட்டி முட்டுக்கொடுத்தாலும் அசையாது. கையில் தூக்கிச் செல்லும் வகையோ 30 கிலோ அளவுதான், அறுக்கும் ஷீட்டுக்குச் சமம். தரைக்குக் கால் இறக்காமல், ரம்பத்தின் உடலிலேயே முட்டு வைத்து நிறுத்திய மடிப்புப் பலகையின் நுனியில் பாரம் ஏறினால், ரம்பமே பின்பக்கமாகச் சாயும். இடநெருக்கடி உள்ளவர்தான் சின்ன ரம்பம் வாங்குகிறார், அவரேதான் மடிப்புப் பலகையையும் தேர்ந்தெடுக்கிறார். ஆபத்து கூடுதலாக உள்ள இணை இதுதான். சின்ன ரம்பக்காரர் மடிப்புப் பலகைதான் வேண்டும் என்றால், தரையைத் தொடும் கால்களை அதில் கட்டாயம் வைக்க வேண்டும்.

மடிப்புப் பலகைக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பலருக்குக் கராஜ்தான் பட்டறை. மாலையில் கார் உள்ளே வர வேண்டும், ரம்பம் சக்கரத்தில் ஓரம் போக வேண்டும். தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கராஜ் தரையை வாசலை நோக்கிச் சரித்துப் போட்டிருப்பார்கள். மறுநாள் ரம்பம் ஒரு சாண் தள்ளி நின்றாலும் தனி மேசையின் மட்டம் மாறிவிடும், கால் போல்ட்டுகளைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். ரம்பத்தோடு பிறந்ததுபோல் ஒட்டிப் போகும் மடிப்புப் பலகைக்கு, முட்டு ரம்பத்திலேயே இருந்தால், இந்தத் தொல்லை இல்லை. கால் வைத்தால் அந்தக் கால்களை மட்டும் சரிபார்த்தால் போதும். மோட்டார் பின்னால் துருத்தி நிற்கும் ரம்பங்களில் மட்டும் பலகை நேராகத் தொங்காது.

நிலைமேசையின் குறை வேறு மாதிரி. அதில் மரம் ஒட்டலாம், பெட்டி பூட்டலாம், அடியில் அலமாரி வைக்கலாம். அதனாலேயே மேல்பரப்பு காலியாக இருப்பதில்லை. ஒட்டிய பசை பொட்டுப்பொட்டாகக் காய்ந்து கிடக்கும். மறந்து வைத்த கிளாம்ப் ஒன்றில் பலகையின் நுனி முட்டினால் அறுப்பு பாதியில் நிற்கும். அந்த நிலையில் பலகை சற்றே திரும்பினால் போதும், ஃபென்ஸுக்கும் பிளேடின் பின்பற்களுக்கும் நடுவில் நெரிபட்டு நம்மை நோக்கிப் பாய்ந்துவரும். ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் மேசையை ஒருமுறை துடைப்பதை இதற்காகவே நான் வேலையின் பகுதியாக எண்ணுகிறேன்.

செய்முறையில் இரண்டுக்கும் பொதுவான விதிகள் சில. ரம்ப மேசையைவிட 2 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். இம்மி உயர்ந்தாலும் பலகை விளிம்பில் முட்டும். மைக்காவை மேலும் கீழும், இரு முகத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். ரம்பத்தின் மைட்டர் தடங்கள் முக்கால் அங்குல அகலம். நிலைமேசையில் அவற்றைச் சற்று அகலமாகவே நீட்டிக் குடைய வேண்டும், இல்லையேல் குறுக்கறுப்பு ஸ்லெட்டின் பட்டை போய் இடிக்கும். மடிப்புப் பலகை மெல்லியது. அதில் குடைந்தால் கீல் பிடிக்கும் விளிம்புதான் பலவீனமாகும், அதனால் அடியில் கட்டை கொடுத்துக் கனப்படுத்தியபின் குடையலாம்.

முழு ஷீட்டுகளை அறுத்து அலமாரி செய்கிறவருக்கு நிலைமேசைதான் சரி. அதற்காக வேறு எதையாவது வெளியேற்றி இடம் பிடிப்பதும் தகும். ஷீட்டைத் தரையில் தெர்மோகோல் மேல் கிடத்தி, கை ரம்பத்தால் 4 அடித் துண்டுகளாக்கிக்கொண்டு அப்புறம் டேபிள் சாவுக்கு வருகிறவருக்குக் கணக்கே மாறிவிடுகிறது. 4 அடித் துண்டின் நடுப்புள்ளி பிளேடிலிருந்து 24 அங்குலத்தில் முடிந்துவிடும். கால் வைத்த 33 அங்குல மடிப்புப் பலகை அதைத் தாராளமாகத் தாங்கும்.