விழுப்புரம் சாலையில் ஒரு டென்மார்க்

2010 மே முதல் அக்டோபர் வரை சீனாவின் ஷாங்காய் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. நாடுகள் தனித்தனி அரங்கம் கட்டி, தங்கள் ஊர் வாழ்க்கையைக் காட்டின. டென்மார்க் என்ன செய்தது தெரியுமா? கோபன்ஹேகன் கடலோரத்தில் 1913 முதல் உட்கார்ந்திருந்த கடற்கன்னி சிலையையே பெயர்த்துக் கொண்டுபோய் வைத்துவிட்டது! சுருள் சுருளான அந்த வெள்ளை அரங்கத்தில் சைக்கிளும் ஓட்டலாம். கண்காட்சி முடிந்ததும் கன்னி வீடு திரும்பினாள்.

டேனிஷ்காரர்கள் வெளிநாட்டில் தங்கள் ஊரைக் கட்டிக் காட்டியது அது முதல் தடவை அல்ல. விழுப்புரத்தில் தொடங்கும் நாகப்பட்டினம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும். திண்டிவனத்துக்காரர்கள் புதுச்சேரியில் வந்து சேர்ந்துகொள்ளலாம். கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டினால் தரங்கம்பாடி.

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இந்தக் கடற்கரை ஊரை டேனிஷ்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்கள் 225 வருடம் தங்கிவிட்டார்கள். டான்ஸ்போர்க் கோட்டை, கிங் ஸ்ட்ரீட், தேவாலயங்கள், 1792-ல் கட்டிய நகர வாசல் என்று ஒரு சின்ன ஐரோப்பிய ஊரே எழுந்தது. ஷாங்காய் அரங்கம் பார்வையாளர்களுக்காகக் கட்டியது. இதுவோ வியாபாரத்துக்காகக் கட்டியது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரின் புகழுக்கு முக்கியக் காரணமான சீகன்பால்கு டேனிஷ்காரரே அல்ல, ஜெர்மானியர்! டென்மார்க் அரசர் அனுப்பி 1706-ல் வந்த அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் இங்கேயே அச்சாகி முடிந்தது.

வியாபாரம் படுத்தது. 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் மிச்சமிருந்த துறைமுக வேலையும் அங்கே போனது. ஊர் அப்படியே தூங்கிப்போனதால்தான் பழைய தெருக்கள் இடிபடாமல் தப்பின என்று சொல்லலாம்.

விற்றுவிட்டுப் போனவர்கள் திரும்பவும் வந்தார்கள், இந்தமுறை பழுதுபார்க்க. கோட்டையும் ஆளுநர் மாளிகையும் டேனிஷ் ஆர்வலர்களின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டன. கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது.

அதே கரையில், கோட்டைக்கு 300 வருடம் மூத்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பயணிகளின் கேமரா மட்டும் பெரும்பாலும் கோட்டைப் பக்கமே திரும்புகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரிதும் அடிபட்டதும் கோட்டை அல்ல, பக்கத்து மீனவர் குடியிருப்புதான்.