நெருக்கடியில் வேரூன்றிய விளையாட்டு

1998 மார்ச் இறுதியில் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’, கடல் கடந்து தென்கொரியாவில் ஆழ வேரூன்றியது. விளையாட்டின் தரம் மட்டுமே அதற்குக் காரணமன்று.

1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வேலையிழந்தோர் பலர், எஞ்சிய சேமிப்பைக் கொண்டு ‘பிசி பாங்’ எனும் கணினி விளையாட்டு நிலையங்களைத் திறந்தனர். அரசும் அதிவேக இணையத்தை விரிவாக்கியது. ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்கள்மீது நெடுங்காலம் நிலவிய தடையால், தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவிகள் வீடுகளில் பரவலாகவில்லை. எனவே, மணிக்குச் சிறு கட்டணம் செலுத்தி இளைஞர்கள் இந்நிலையங்களில் கூடினர்.

விளையாட்டின் அமைப்பும் துணைநின்றது. டெர்ரன், ஸெர்க், புரோட்டாஸ் ஆகிய மூன்று இனங்களும் இயல்பால் வேறுபட்டவை. வலிமையால் ஏறத்தாழ நிகரானவை. ஆகவே, ஆடுவோர் திறமையே வெற்றியைத் தீர்மானித்தது. பார்ப்போர்க்கும் சுவை கூடியது. 2000இல் கணினி விளையாட்டுகளுக்கெனத் தனித் தொலைக்காட்சி அலைவரிசையே அங்குத் தோன்றியது.

வேலையிழந்தோர் பிழைப்புக்காகத் திறந்த கடைகளே அடுத்த தலைமுறையின் ஆடுகளங்களாயின.