யவனர் கொணர்ந்த தேறல்

மெர்போக் அரும்பொருளகத்தில் உடைந்த சட்டி பானை ஓடுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதைப் பார்த்து நாம் வியந்திருப்போம். ஓடு பேசும்! புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் யவனர் திராட்சை மதுவை நிரப்பிக் கப்பலேற்றிய சாடிகள் அவை. அந்தத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பருகி இனிது வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார்.

மது கடல் கடந்து வருவானேன்? யவனர் நாட்டுத் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும், இளவேனிலில்தான் துளிர்க்கும். நம் பால்மரமும் இலையுதிர்க்கிறது. ஆனால் அது வறட்சிக்கு. கொடி கேட்பதோ குளிர். இன்று தமிழகத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் கொடியைக் கத்தரித்தே துளிர்க்க வைக்கிறார்கள்.

மன்னன் பருகியதைப் பாடிய புலவர், சாடியைச் சுமந்து இறக்கிய கூலியாளைப் பாடவில்லை. நமக்கு அது குறையாகவே படுகிறது. அரிக்கமேட்டில் மணி கோத்த கைகளுக்கும் பெயரில்லை. ஆயினும் அங்கே செய்தவற்றைப் போன்ற சிறு கண்ணாடி மணிகள், நம் கெடாவில் சுங்கை மாஸ் மண்ணிலும் கிடைத்திருக்கின்றன.