தீக்குச்சியில் கிடைத்த பை

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் ‘ஃப்ரான் கரோ’ என்றொரு பந்தய விளையாட்டு இருந்தது. சதுர ஓடு பதித்த தரையில் ஒரு காசை எறிவார்கள். அது ஒரே ஓட்டுக்குள் அடங்கி விழுமா, இரண்டு ஓடுகள் சேரும் கோட்டின் மேல் விழுமா என்பதுதான் பந்தயம். இதில் யாருக்கு வாய்ப்பு அதிகம் என்ற கணக்கை 1733-இல் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் முன் வைத்தவர் புஃபோன். விலங்குகளைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினாரே, அவரேதான்.

பிறகு காசுக்குப் பதில் ஊசியை எடுத்துக்கொண்டார். சம இடைவெளியில் இணைகோடுகள் போட்ட தரையில் ஊசியை எறிந்தால், அது கோட்டை வெட்டும் வாய்ப்பு எவ்வளவு? ஊசியின் நீளமும் கோடுகளின் இடைவெளியும் ஒன்றானால், இரண்டைப் பையால் வகுத்தால் வருவதே விடை. வட்டமே இல்லாத இடத்தில் பைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஊசி எந்தத் திசையிலும் திரும்பி விழலாம் அல்லவா, வட்டம் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

1777-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. பூவா தலையா போடும் ஒரு சூதாட்டக் கணக்கைச் சோதிக்க, ஒரு குழந்தையை 2048 தடவை அந்த ஆட்டத்தை ஆடவைத்து எண்ணியிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு எவ்வளவு கை வலித்ததோ!

ஊசியை எறிந்தே பையின் மதிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று பின்னர் லாப்லாஸ் எடுத்துச் சொன்னார். 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த உலாம் என்ற கணித அறிஞர், தனியாகச் சீட்டு ஆடும்போது இதே வழியை யோசித்தார். சூத்திரம் தேடுவதைவிட நூறு தடவை ஆடி எண்ணிப் பார்ப்பது சுலபம் என்று தோன்றியது. அதைத்தான் இன்று கணினியில் ‘மான்டி கார்லோ’ முறை என்கிறார்கள்.

எங்களுக்குக் கணினி ஏது? 1960-களின் நடுவில், புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த பள்ளியில், கணக்கு முசியே ஆளுக்கொரு தீப்பெட்டி கொடுத்தார். மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டு, குச்சியின் நீளத்துக்கே தாளில் கோடுகள் போட்டோம். வீட்டில் 200 தடவை எறிந்து, கோட்டைத் தொட்டவற்றை எண்ணி, 400-ஐ அந்த எண்ணால் வகுத்து, விடையை மட்டும் சீட்டில் எழுதி வரவேண்டும்.

எண்பதாவது குச்சியிலேயே எனக்கு அலுத்துவிட்டது. விடைதான் தெரியுமே என்று 3.14 எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு 2.9, 3.4 என்று என்னென்னவோ வந்திருந்தது. எனக்குப் பெருமை வேறு.

முசியே சீட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினார். 127 குச்சி தொட்டால் 3.15. 128 தொட்டால் 3.125. “உன் 3.14 எங்கே இருக்கிறது? பாதிக் குச்சி விழுந்ததா?” வகுப்பே சிரித்தது.

பல ஆண்டுகள் கழித்து இத்தாலியர் லாட்சரினியைப் பற்றிப் படித்தபோது காது சுட்டது. 1901-இல் அவர் 3408 தடவை எறிந்ததாகவும் 1808 தடவை ஊசி கோட்டைத் தொட்டதாகவும் எழுதினார். விடை 3.1415929, ஆறு தசம இடம் வரை சரி. இன்னும் ஒரே ஒரு ஊசி கூடுதலாகத் தொட்டிருந்தால் 3.1399 ஆகியிருக்கும். இந்த அதிர்ஷ்டத்தைக் கணித அறிஞர்கள் பலர் நம்பவில்லை. அலுவலகத்திலும், முதல் கூட்டலிலேயே பைசா பிசகாமல் நேராகும் கணக்கை நான் இரண்டாம் தடவை பார்ப்பது வழக்கம்.

அன்று முசியே என்னை அடிக்கவில்லை. மற்ற 28 பேரின் எண்ணிக்கையையும் பலகையில் கூட்டினார். தனித்தனியே தாறுமாறாக இருந்தவை சேர்ந்ததும் 3.12 வந்தது. என் சீட்டைச் சேர்க்கவில்லை. அதுதான் உறைத்தது.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்து 200 தடவையும் எறிந்தேன். தொட்டது 121. விடை 3.31. மறுநாள் தயங்கித் தயங்கி நீட்டினேன். முசியே பழைய கூட்டலை மறுபடி பலகையில் எழுதி, அதன் கீழே 121-ஐச் சேர்த்தார்.