அபு பேசற இங்கிலீஷ், சேட்டு பேசற தமிழ்

சிம்ப்சன்ஸ் பெருசா, ஃபேமிலி கை பெருசா, சவுத் பார்க் பெருசா? எங்க டீம் சாட்டுல மாசம் ஒரு தடவையாவது இந்தச் சண்டை வந்துடும். மூணுமே பெரியவங்களுக்கான கார்ட்டூன் காமெடி, ஆனா சிரிக்க வைக்கிற விதம் வேற வேற.

சிம்ப்சன்ஸ் அரை மணி நேரத் தொடரா வந்தது 1989 டிசம்பர் 17. நம்ம ஊர்ல கரகாட்டக்காரன் ஓடின அதே வருஷம். இதுல ஜோக் ஊருக்குள்ள இருந்து பிறக்கும். அணுமின் நிலையத்துல பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய ஆளே ஹோமர்தான், அவரு தூங்கிட்டு இருப்பாரு. அந்த ஆளோட குணம் தெரிஞ்சாதான் சிரிப்பு வரும்.

1999ல வந்த ஃபேமிலி கை அப்படி இல்ல. கதை போயிட்டே இருக்கும், திடீர்னு வெட்டி, சம்பந்தமே இல்லாத ஒரு துண்டைக் காட்டிட்டுத் திரும்பி வரும். 2006ல சவுத் பார்க் இதை வெச்சு செஞ்சாங்க. ஃபேமிலி கை ஜோக்கை எழுதறது தொட்டிக்குள்ள பந்து தள்ளி விளையாடற கடற்பசுக்கள்தான்னு ஒரு எபிசோடே எடுத்தாங்க. சிரிக்கலாம், ஆனா நம்ம சினிமாவுலயும் காமெடி ட்ராக்னு தனியா எழுதற வழக்கம் இருந்துச்சே. கவுண்டமணி செந்திலுக்கு நிறைய எழுதினவர் ஏ. வீரப்பன். படத்துல இருந்து தனியா எடுத்து யூடியூப்ல போட்டாலும் அது இன்னிக்கும் ஓடுது. அதனால ட்ராக்ங்கறதையே மட்டம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

சவுத் பார்க் 1997 ஆகஸ்ட் 13ல ஆரம்பிச்சது. ஒரு எபிசோடை ஆறே நாள்ல முடிப்பாங்க. (நாங்க ரெண்டு வார ஸ்பிரிண்ட்ல ஒரு பட்டனோட கலரை மாத்தறோம்.) அதனாலதான் அந்த வாரத்து நியூஸை அந்த வாரமே கலாய்க்க முடியுது.

மூணுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு, அதுதான் இந்த எபிசோட். கார்ட்டூன்ல முகம்ங்கறது நாலு கோடு. ஆள் யாருன்னு சொல்றது குரல்தான். அந்தக் குரலே ஜோக்கா ஆயிட்டா?

1990ல சிம்ப்சன்ஸ்ல ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தாரு. பேரு அபு. அபூர்வ சகோதரர்கள் அப்பு இல்ல; சத்யஜித் ரே படங்கள்ல வர்ற அபு. குடும்பப் பேரு நஹசபீமாபெட்டிலான். இந்தியாவுல எந்த ஊர்ப் பேருன்னு தேடாதீங்க, கிடைக்காது. குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா, வெள்ளைக்கார நடிகர்.

அபு கடைக்காரர் மட்டும் இல்லங்க. 1996ல ஒரு எபிசோட்: ஊர்ல வந்தேறிகளைத் துரத்தணும்னு ஓட்டெடுப்பு. அப்பதான் அபுவோட பழைய கதையைச் சொல்றாங்க. கல்கத்தாவுல காலேஜ் முடிச்சு, அமெரிக்கா போய் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பிஎச்டி, அந்தக் கடனை அடைக்கக் கடை வேலை. 1994ல கலிஃபோர்னியாவுல நிஜமா நடந்த ஓட்டெடுப்பை நக்கலடிச்ச எபிசோட் அது. சிம்ப்சன்ஸோட நல்ல எபிசோடுகள்ல ஒண்ணுன்னு நான் சத்தியம் பண்ணுவேன். கதை முழுக்க அபு பக்கம்தான் நிக்குது, ஆனா அவரு வாயைத் திறந்ததும் சிரிப்பு வேற இடத்துல இருந்து வருது.

அந்தக் குரல் எங்க இருந்து வந்துச்சுன்னு அசாரியாவே சொல்லியிருக்காரு. 1968ல வந்த 'தி பார்ட்டி' படத்துல பீட்டர் செல்லர்ஸ் முகத்துல மை பூசிக்கிட்டு இந்தியரா நடிச்ச குரல் அது. அதே 1968ல பம்பாயில 'படோசன்' ரிலீஸ். அதுல மெஹ்மூத் குடுமி வெச்ச மதராசி பாட்டு வாத்தியார். ஹாலிவுட்டுக்கு இந்தியன் எப்படியோ, பம்பாய்க்கு நாம அப்படி.

நமக்கு மட்டும் ஆளு இல்லையா என்ன? தமிழ் சினிமாவுல 'நம்பள்கி நிம்பள்கி' சேட்டு, டீக்கடை நாயர் எல்லாம் எத்தனை படத்துல வந்தாச்சு.

நான் பாகாயத்துல வளர்ந்தவன். சிஎம்சி மருத்துவக் கல்லூரி எங்க ஏரியாவுலதான், அதனால டீக்கடையில அஞ்சு பாஷை கேட்டு வளர்ந்த காது. ஆஸ்பத்திரிப் பக்கம் போனா ஹோட்டல் போர்டே பெங்காலில இருக்கும். எங்க லாட்ஜ்காரங்க பேசற பெங்காலியை கல்கத்தாவுல யாராவது மிமிக்ரி பண்ணினா என்ன ஆகும்னு அடிக்கடி யோசிப்பேன்.

ரயில் ஏறி ஆம்பூர், வாணியம்பாடின்னு போனா, தோல் தொழில்ல இருக்கற நிறைய குடும்பங்கள்ல வீட்டுப் பேச்சு உருது. காலேஜ்ல என் ஃபிரெண்டு ஒருத்தன் அப்படி, அப்பாவுக்கு டேனரில வேலை. வெளிய அவன் பேசற தமிழ் என் தமிழேதான். ஆனா ஹாஸ்டல்ல அவன் உள்ள வந்தா எவனாவது 'நம்பள்கி'ன்னு ஆரம்பிப்பான். ஒரு நாள் கேட்டான்: "மச்சி, நான் என்ன வட்டிக்கடையா வெச்சிருக்கேன்?"

பாயிண்ட் அதுதான். சினிமா சேட்டோட தமிழை ஆம்பூர்ல யாருமே பேசறதில்ல. அபுவோட இங்கிலீஷ் மாதிரி, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத குரல் அது. யார் மேல வேணும்னாலும் ஒட்டலாம். வேலைக்கு வந்தப்புறம் எனக்கும் ஒட்டினாங்க. ஒரு வெளிநாட்டு கால்ல, மியூட்ல இருக்கோம்னு நினைச்சு ஒருத்தர் என்னை மாதிரி பேசிக் காட்டினாரு. நான் பேசினது டேட்டாபேஸ் பத்தி, அவர் பேசினது அபு.

2017ல ஹரி கொண்டபோலுங்கற காமெடியன் 'தி பிராப்ளம் வித் அபு'ன்னு டாக்குமென்டரி எடுத்தாரு. அதுல பேசினவங்கள்ல அசீஸ் அன்சாரியும் ஒருத்தர், தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். 2018 ஏப்ரல்ல சிம்ப்சன்ஸ் பதில் சொல்லுச்சு: அன்னிக்கு எல்லாரும் கைதட்டினது இன்னிக்குத் தப்பாம், என்ன பண்றதுன்னு லிசா வாயால ஒரு வரி. சோம்பேறித்தனமான பதில். அதுவும், அந்தத் தொடர்லயே நியாயம் கேக்கற பொண்ணை வெச்சு சொல்ல வெச்சது எனக்கு இன்னும் உறுத்துது.

அசாரியா 2020 ஜனவரில அந்தக் குரலை விட்டுட்டாரு. அடுத்த வருஷம் ஒரு பாட்காஸ்ட்ல மன்னிப்பும் கேட்டாரு. தன் பையனோட ஸ்கூல்ல 17 வயசு இந்தியப் பையன் ஒருத்தனைப் பார்த்தாராம். அவன் சிம்ப்சன்ஸ் பார்த்ததே இல்ல, ஆனா அபுன்னா என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அதுக்கப்புறம் கார்லுக்கும் டாக்டர் ஹிப்பர்ட்டுக்கும் கறுப்பின நடிகர்கள் புதுசா குரல் கொடுத்தாங்க. அபுவுக்கு மட்டும் யாரும் வரல. பக் இருக்குன்னு ஃபங்ஷனையே கமென்ட் அவுட் பண்ற வேலை இது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டி, இப்ப கூட்டத்துல ஒருத்தரா வந்து சும்மா நிக்கறாரு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு மக்களே, உங்க தமிழை யாராவது இப்படிப் பண்ணியிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. உங்க குரல்லயே போடறேன்.