லூக்கா எந்த இனத்தவர்?

1714ஆம் ஆண்டில் தரங்கம்பாடி அச்சகம் சுவிசேஷங்களைத் தமிழில் வெளியிட்டது. அன்றுமுதல் தமிழர் அச்சில் பயின்றுவரும் நூல்களுள் லூக்காவின் சுவிசேஷமும் ஒன்று. சுவிசேஷ ஆசிரியர் நால்வருள் அவர் ஒருவரே யூதரல்லாதவர் என்பது நெடுங்காலக் கொள்கை. அதற்கு ஆதாரம் யாது என நேயர்கள் வினவக்கூடும்.

அந்நூலினுள் ஆசிரியர் பெயர் காணப்படவில்லை. கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய இரேனேயு என்பவர், பவுலின் தோழராகிய லூக்காவே அதனை இயற்றினார் என்கிறார். நான்காம் நூற்றாண்டுச் சரித்திர ஆசிரியர் யூசேபியு, அவரை அந்தியோகியா நகரத்தார் என்று குறிக்கிறார். அம்மாநகரிலோ கிரேக்கர், சிரியர், யூதர் யாவரும் கலந்து வாழ்ந்தனர். ஆதலால் ஊர்ப்பெயர் மட்டும் இனத்தைக் காட்டாது.

கொலோசெயர் நிருபத்தின் நான்காம் அதிகாரம் இதனினும் வலிய சான்று. அங்கே யூதரான உடன்வேலையாட்கள் முதலில் தனியே எண்ணப்படுகின்றனர். வைத்தியராகிய லூக்கா பின்னரே வருகிறார். ஆகவே அவர் யூதரல்லர் என்பர். ஆயினும் அந்நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நூலின் மொழியோ இருதரப்பார்க்கும் சான்று பகர்கிறது. முகவுரை கிரேக்க நூலாசிரியர் மரபில் அமைந்தது. மாற்கு எடுத்தாளும் அரமேயச் சொற்கள் சிலவற்றை லூக்கா விலக்குகிறார்; கொல்கொதா என்னும் பெயரை விடுத்துக் கபாலம் என்ற பொருளையே தருகிறார். ஆனால் முகவுரை முடிந்தவுடன் நடை மாறுகிறது. யூத வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஓசை கேட்கிறது. வரலாறும் எருசலேம் தேவாலயத்தில் தொடங்கி அங்கேயே நிறைவுறுகிறது.

எனவே, அவர் கிரேக்கம் பேசிய யூதர் என்பர் சிலர். பிறப்பால் அந்நியராயினும் ஜெபாலயத்தில் வேதங்கேட்டுப் பழகியவர் என்பர் வேறு சிலர். கொர்நேலியு, லீதியாள் ஆகிய அத்தகைய பக்தர்களை அப்போஸ்தலர் நடபடிகளில் அவரே பரிவுடன் காட்டுவதால், பின்னதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. அகத்தியர்கூட மலையடிவாரத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. அத்தகைய குடும்பத்தில் தோன்றிய ஒருவர் நல்ல மலையாளத்தில் நூல் இயற்றுவாராயின், பிற்காலத்தார் மொழியை மட்டும் கண்டு அவரை மலையாளி என்று துணிவர். தாய் சொன்ன பழமொழியொன்று இடையே தலைகாட்டினால்தான் அவர்க்கு ஐயம் பிறக்கும். ஒருவர் எழுதும் மொழி அவர் கற்ற கல்வியைத் தெளிவாகக் காட்டும். பிறந்த இனத்தை அறிய அதுவொன்றே போதாது. லூக்காவின் நூலையும் இந்நினைவோடு பயிலுதல் தகும்.