திண்டிவனத்தில் பிரியும் இரண்டு பாதைகள்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினால் செஞ்சியைக் கடந்து திண்டிவனம் போய்ச் சேரலாம். அங்கே பாதை பிரிகிறது. ஒன்று சென்னைக்கு, இன்னொன்று புதுச்சேரிக்கு. ஜெர்மனிக்குப் போய் ஜெர்மன் படிக்க ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளை முதலில் சென்னைப் பாதையைப் பிடிக்க வேண்டும். தமிழ் படிக்க ஐரோப்பாவிலிருந்து வரும் மாணவருக்கோ புதுச்சேரியில் வகுப்பு காத்திருக்கிறது. இரண்டுமே கோடைப் படிப்புதான். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் பிள்ளைக்கு எது கிடைக்காமல் போகிறது என்பது விளங்கும்.

முதலில் ஜெர்மனியின் கோடை வகுப்பு. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்காக நடத்தும் மொழி, பண்பாட்டு வகுப்புகளுக்கு, 1925-இல் தொடங்கிய ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு உதவித்தொகை தருகிறது. குறைந்தது 18 நாள் வகுப்பு, வாரத்துக்கு 25 பாடவேளை என்பது அதன் கணக்கு. அரிச்சுவடி தெரியாமல் போக முடியாது, ஓரளவு ஜெர்மன் கற்றவர்களுக்கே இடம். முதலில் தேர்வு வைத்து நிலை பிரிப்பார்கள். அதன்பின் பாடம், அருங்காட்சியகம், நகர உலா என்று நாள் நிறைந்துவிடும். வகுப்பறைக்கு வெளியிலும் பாடம்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமையே அரிசியும் பாலும் கேட்டு வாங்கத் தெரியாதவர் மறுநாள் சமைக்க முடியாது.

அடுத்தது புதுச்சேரி. அங்குள்ள பிரெஞ்சு தூரகிழக்குக் கல்விப்பள்ளியின் மையத்தில் 2003-இல் செவ்வியல் தமிழுக்கான கோடைக் கருத்தரங்கு தொடங்கியது. அதற்கு முன்னின்றவர் ஈவா வில்டன் என்னும் ஜெர்மானிய அறிஞர். நற்றிணையையும் குறுந்தொகையையும் சுவடிகளோடு ஒப்பிட்டுச் செம்பதிப்பாகக் கொண்டுவந்த அவர், இன்று ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர். தி.வே. கோபாலையர் போன்ற தமிழ்ப் பண்டிதர்கள் அமர்ந்து பாடம் சொன்ன இடம் அந்த மையம். இங்கே படிப்பு மூலபாடத்தைச் சுற்றியே நடக்கிறது. பாட்டை வாய்விட்டுப் படிப்பது, சந்தி பிரிப்பது, உரையோடு ஒத்துப் பார்ப்பது, இலக்கணம் விவாதிப்பது என்று ஒரே அடியில் வெகுநேரம் நிற்பார்கள்.

ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு. ஜெர்மன் வகுப்பு பேச்சைத் தருகிறது, ஆனால் மூன்று வாரத்தில் இலக்கிய ஆழம் வராது. புதுச்சேரி வகுப்பு ஆழத்தைத் தருகிறது, ஆனால் குறுந்தொகையை மட்டும் படித்தவர் கீழ்பென்னாத்தூர் டீக்கடைப் பேச்சில் திணறிப்போவார். இந்த அளவில் இரண்டும் சமம்தான். வேறுபாடு வகுப்புக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

முதல் வேறுபாடு நாட்காட்டி. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பொதுவாக வகுப்பு இல்லை. ஆகஸ்டில் தமிழ் படிக்க வருபவருக்கு எந்த இழப்பும் இல்லை. நமக்கோ விடுமுறை மே மாதத்தில் வந்து போய்விடுகிறது. அவர்களுடைய கோடை, நம் ஆடியும் ஆவணியும். கல்லூரி திறந்து பருவம் பாதியில் இருக்கும்போது மூன்று வாரம் போனால் 75 சதவீத வருகைப்பதிவு என்னாவது என்று மாணவர் அஞ்ச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, முன்தயாரிப்பு. ஜெர்மானியர் தமிழ் கற்பது நேற்றுத் தொடங்கியதல்ல. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதிப் பழகினார். பத்தே ஆண்டில், 1716-இல், அவருடைய தமிழ் இலக்கணம் ஹால்லே நகரில் அச்சேறியது. 1856-இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். இன்று தமிழ் படிக்க விரும்பும் ஜெர்மன் மாணவருக்கு ஹைடல்பர்க், ஹாம்பர்க் போன்ற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே அடித்தளம் போட்டுக்கொண்டு இங்கே வரலாம்.

நம் பிள்ளைக்கு அந்த அடித்தளம் எங்கே? சென்னை நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவன், கோவையில் ஒரு மையம், கிண்டியில் ஐ.ஐ.டி. என்று முறையான இடங்கள் பெருநகரங்களோடு நின்றுவிடுகின்றன. அந்த ஐ.ஐ.டி.யே 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்ததுதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் முழுக்கப் பயணத்திலேயே கழிந்துவிடும். வேலைக்காகப் படிப்பவர்களுக்கு மொழி ஒரு சான்றிதழாகச் சுருங்குகிறது. நர்ஸ் வேலைக்குப் போகிறவரிடம் பி2 என்னும் மொழித்தேர்ச்சி நிலை வரை கேட்கிறார்கள். தேர்வில் தேறுவதே குறி என்னும்போது பண்பாட்டுக்கு நேரம் ஏது? தமிழ்ப் பிள்ளைக்கு ஜெர்மன் எட்டாத மொழியும் அல்ல. துணைத்தொடரில் வினை கடைசியில் வந்து நிற்கும் அமைப்பு நமக்குப் பழகியது. ஜெர்மானியரை நம் ழகரம் படுத்தும் பாட்டைவிட, அவர்களுடைய உயிரொலிகள் நமக்குத் தரும் சிரமம் பெரிதல்ல.

இரண்டில் சிறந்த திட்டம் எது என்று கேட்டால், கோடைக்கு முன் ஓராண்டு பயிற்சியும் கோடைக்குப் பின் ஓர் ஆசிரியரும் இருக்கும் திட்டமே சிறந்தது என்பேன். அந்த வசதி இன்று ஜெர்மன் மாணவருக்குத்தான் இருக்கிறது. அதை இங்கேயும் உண்டாக்கலாம். ரமணரின் நூல்களை ஜெர்மனில் பெயர்த்த லூசி கார்னெல்சன் வாழ்ந்த ஊர் திருவண்ணாமலை. அங்குள்ள அரசு கலைக் கல்லூரியில் ஈராண்டு மாலைநேர ஜெர்மன் வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். கோடை வகுப்புக்குத் தேர்வாகும் மாணவரின் அந்த மூன்று வாரத்தைப் பல்கலைக்கழகம் வருகைப்பதிவில் சேர்க்க வேண்டும். புதுச்சேரிக்கு வரும் ஜெர்மன் மாணவரை அழைத்து, ஒரு மணி நேரம் தமிழ், ஒரு மணி நேரம் ஜெர்மன் என்று நம் பிள்ளைகளோடு பேச உட்கார வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை, மனம்தான் வேண்டும். கல்லூரி நிர்வாகமும் மாவட்டத்துப் பெற்றோரும் இந்தக் கல்வியாண்டிலேயே இதைக் கையில் எடுக்க வேண்டுகிறேன்.